முத்திருளாயியைக் கொன்றவன்

ஒரு மாணவி எழுதிய பதில் சரி என்று தெரிந்த பிறகும் நான் அவளை ஃபெயில் ஆக்கினேன்.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டாகியிருக்கலாம். அப்படி உண்டாகும்படிதான் எழுதி வந்தேன். போன வாரம்கூட, நான் நாவல் வகுப்பெடுத்தால் மற்ற வகுப்புப் பையன்கள் ஜன்னலோரம் வந்து நிற்பார்கள் என்று எழுதியிருந்தேன். நின்றது உண்மை. அந்த ஜன்னலுக்கு வெளியேதான் சைக்கிள் நிறுத்துமிடம் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

இந்த வாரம் எதையும் விடப் போவதில்லை.

முட்டை

ஒரு சித்திரை மதியம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், அதற்கு இதில் பங்கில்லை. ஆசிரியர் அறையில் நான்கு மேசை, ஒரு மண்பானை, காற்றைத் தராமல் சத்தத்தை மட்டும் தரும் ஒரு மின்விசிறி. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் அடித்த மருந்தின் வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

என் மேசைக்கு எதிரே பாண்டீஸ்வரி நின்றாள். இளங்கலைத் தமிழ், மூன்றாமாண்டு, கடைசிப் பருவம். அனுமந்தன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பெண். கையில் திருத்திய விடைத்தாள். எங்கள் கல்லூரியில் கேள்வித்தாளை நாங்களே அமைத்து, நாங்களே திருத்தி, மாணவர்களுக்குக் காட்டிய பிறகுதான் மதிப்பெண் பட்டியலை அலுவலகத்துக்கு அனுப்புவோம்.

“சார், நாவல் கேள்விக்கு முட்டை போட்டிருக்கீக.”

இருபது மார்க் கேள்வி. ‘முத்திருளாயியின் மரணம் உணர்த்துவது யாது?’ என்று கேட்டிருந்தேன். முத்திருளாயி என்பவள் பாடமாக வைத்திருந்த நாவலின் நாயகி.

“முட்டைக்குக் கீழே போட வழி இருந்திருந்தால் போட்டிருப்பேன்” என்றேன்.

“முத்திருளாயி சாகல சார்.”

“அப்படியா? உனக்கு லெட்டர் போட்டாளா?”

மற்ற மூன்று மேசைகளும் சிரித்தன. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். கல்லூரி நூலகத்து நாவல். நடுவே ஒரு வாழை நார் செருகியிருந்தது.

“நாரு வச்ச எடத்துலருந்து பாருங்க சார். இங்கனதேன் இருக்கு. ஒரு எட்டு பாத்துருங்க.”

“வைத்துவிட்டுப் போ.”

போனாள்.

இருநூற்று எட்டாம் பக்கம்

இங்கே நான் நாவல் நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதியவருக்கு என்னால் ஏற்கனவே போதுமான சேதம் ஆகிவிட்டது.

மதுரையில் நடைபாதைக் கடை ஒன்றில் அதை வாங்கினேன். அட்டையில்லாத பிரதி. வீடு தேனி, வேலை கம்பம் பக்கம் என்பதால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். அதில்தான் படிப்பது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வீரபாண்டி வருவதற்குள் தூங்கிவிடுவேன். சின்னமனூரில் நடத்துனர் போடும் கூச்சலில் விழிப்பேன். விரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கிருந்து மேலே படிப்பேன். ஆகவே அந்த நாவலைப் பற்றிய என் அறிவில் வீரபாண்டி முதல் சின்னமனூர் வரை ஒரு பெரிய ஓட்டை உண்டு.

கதை இது. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்கப் போன ஒரே மகன் பல வருடமாகத் திரும்பவில்லை. சொத்துக்காகப் பங்காளிகள் முத்திருளாயியை அலைக்கழிக்கிறார்கள். ஒருநாள் அவள் வீட்டைப் பூட்டாமல் கிளம்பி, வெள்ளம் போகிற ஆற்றில் இறங்குகிறாள். தண்ணீர் நெஞ்சுக்கு வருகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

என் பிரதி அந்த இடத்தில், இருநூற்று எட்டாம் பக்கத்தில், முடிந்தது. ‘முற்றும்’ என்ற சொல்கூட இல்லை. எவ்வளவு நவீனமான முடிவு என்று நான் உருகிப்போனேன்.

புத்தகம் தைக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். பதினாறு பக்கம் ஒரு கட்டு. பதின்மூன்று கட்டு சேர்ந்தால் இருநூற்று எட்டு. பதினான்காவது கட்டு என் பிரதியிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது.

ஆனால் நான் யாரையும் கேட்கிற ஆளாக இல்லை. ‘நீரும் விடுதலையும்’ என்று ஒரு கட்டுரை எழுதி, ஒரு கருத்தரங்கில் சட்டையில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு வாசித்தேன். முத்திருளாயியின் சாவு தோல்வியல்ல, தாய்மையிலிருந்து அவள் பெறும் விடுதலை என்பது என் கண்டுபிடிப்பு. கைதட்டினார்கள். தலைமை தாங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அரங்கில் இருந்த அறுபது பேரில் ஒருவர்கூட எழுந்து “அவள் சாகவில்லையே” என்று கேட்கவில்லை. என் தொழிலைப் பற்றி இதைவிட அதிகமாக நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் நோட்ஸ் சொல்வேன். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, கருப்பொருள், நடை, முடிவுரை. இந்த ஐந்து தலைப்பும் எந்த நாவலுக்கும் பொருந்தும். எழுதப்படாத நாவலுக்கும் பொருந்தும். நான் சொல்லச் சொல்ல நாற்பது பேனாக்கள் ஓடும். விவாதம் என்பது, நான் “சந்தேகம் உண்டா?” என்று கேட்பதும் மணி அடிப்பதும்.

பாண்டீஸ்வரிக்கு மட்டும் சந்தேகம் இருக்கும். “சார், வீட்டுல நெல்லு கெடக்கும்போது அவ ஏன் பக்கத்து வீட்டுல போயி அரிசி கடன் கேக்குறா?” என்று ஒருமுறை கேட்டாள். எனக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. வீரபாண்டிக்கும் சின்னமனூருக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டும். “அது தேர்வுக்கு வராது, உட்கார்” என்றேன்.

பதினாறு பக்கம்

அந்தச் சித்திரை மதியத்துக்கு வருகிறேன்.

மற்ற மூவரும் சாப்பிடப் போனார்கள். நான் நாரைப் பிடித்துப் புத்தகத்தைத் திறந்தேன். அவள் எங்கே தப்பாகப் படித்தாள் என்று கண்டுபிடித்து, மறுநாள் வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்பதுதான் எண்ணம்.

இருநூற்று எட்டுக்கு அடுத்து இருநூற்று ஒன்பது இருந்தது.

நின்றபடியே படித்தேன். முத்திருளாயி அக்கரை ஏறுகிறாள். சேலையைப் பிழிகிறாள். திரும்பி நின்று ஆற்றைக் கெட்ட வார்த்தையில் ஏசுகிறாள். ஆடு மேய்க்கிறவன் ஒருவன் வாயைப் பிளந்து பார்க்கிறான். மலையேறிப் போய் மகனைக் கண்டுபிடிக்கிறாள். அவன் அங்கே இன்னொரு குடும்பமாக இருக்கிறான். ஊருக்குப் போவோம் என்று அவனே அழைக்கும்போது, “நீ வேணா போ, எனக்கு இங்கன வேல கெடச்சிருச்சு” என்கிறாள். கடைசிப் பக்கத்தில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருக்கிறாள்.

நன்றாக இருந்தது. நான் கைதட்டு வாங்கிய முடிவைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

மதிப்பெண் பட்டியல் என் இழுப்பறையில் இருந்தது. மறுநாள்தான் அனுப்ப வேண்டும். ஒரு எண்ணை அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டால் போதும். பாண்டீஸ்வரியும் ஃபெயில் ஆகமாட்டாள்.

அதே இழுப்பறையில் இன்னொன்றும் இருந்தது. அந்த வாரம்தான் அச்சாகி வந்த என் முதல் புத்தகம். பின்னட்டையில் என் படம். அந்த நாவலுக்கு நான் எழுதிய வினா விடைக் கையேடு. அதில் முத்திருளாயி மூன்று இடங்களில் செத்திருந்தாள்.

நாரை இருந்த இடத்தில் வைத்து, புத்தகத்தை அட்டெண்டரிடம் கொடுத்து நூலகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் பட்டியல் போனது. எண்ணை நான் தொடவில்லை.

ஓய்வு பெறும்வரை மேலும் பல வருடம் அந்த நாவலை நடத்தினேன். ஒவ்வொரு வருடமும், இப்போது தெரிந்தே, முத்திருளாயியைத் தண்ணீரில் இறக்கிக் கொன்றேன்.

“நீங்க சொன்னா அதேன்”

இதோடு முடிந்திருந்தால் என்னை ஒரு கோழை என்று சொல்லி விட்டுவிடலாம். முடியவில்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். திராட்சைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். வேட்டியில் மருந்துக் கறை. ஒரு பாடம் போனாலும் படிப்பு நின்றுவிடும், கல்யாணம்தான் என்பது அவர் போட்டிருந்த நிபந்தனை. அது எனக்குத் தெரியும். வகுப்புக்கே தெரியும்.

மகளையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

“சார், புள்ள தான் எழுதுனதுதேன் சரிங்குது. மறுபடி பரிச்சைக்கு உக்காரட்டும், மாப்பிள்ள வீட்ட தள்ளிப் போடுங்கன்னு ஒரே அழுக. எனக்கு எழுத்து வாசன கெடையாது. நீங்க படிச்சவுக. சரியா எழுதியிருக்கான்னா சொல்லுங்க, தள்ளிப் போட்டுறேன். நீங்க சொன்னா அதேன் எனக்கு.”

நான் என் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, “புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை” என்றேன்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியாத்தா?”

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருந்தால் போய்ச் சாப்பிட்டிருப்பேன், அதுதான் என் யோக்கியதை.

கம்பத்தில் இலைக் கடை

இருபத்தைந்து வருடம் ஓடியது. சென்ற ஆண்டு என் மைத்துனர் வீட்டு விசேஷத்துக்கு வாழை இலை வாங்கக் கம்பம் சந்தைக்குப் போனேன். இலைக் கட்டுகளுக்கு நடுவே மரப் பெட்டியில் உட்கார்ந்து, நுனி இலை வேறு, நுனி இல்லாத ஏடு வேறு, கிழிந்தது வேறு என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், நல்லா இருக்கீகளா? கண்ணாடி மாத்திட்டீக போல.”

பாண்டீஸ்வரி. பேசிக்கொண்டே நல்ல நுனி இலையாகப் பார்த்து எடுத்து வைத்தாள். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாளாம். “சேக்கப் போனப்ப படிவத்துல அம்மா என்ன படிச்சிருக்கான்னு கேட்டுருந்துச்சு சார். வழக்கம்போல பன்னெண்டாப்புன்னு போட்டேன். மூணு வருசம் காலேசுக்குப் போனதுக்கு அந்தப் படிவத்துல கட்டமே இல்ல. ஒரு பேப்பரு நிக்குதுல்ல, அதேன்.” பக்கத்தில் இலை வாங்க வந்தவரிடம், “எங்க சாரு. நாவலு எடுத்தவுக” என்று அறிமுகம் வேறு.

இலையை எடுத்துக்கொண்டு, நடந்ததா ஓடியதா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

வீட்டில் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றுதான்.

“ஏங்க, அந்தக் கையேட்டை எனக்குத்தானே சமர்ப்பணம் பண்ணீங்க?” என்றாள்.

“ஆமாம்.”

“அதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் செய்தித்தாளை என் முன்னால் போட்டாள். பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குக் கல்லூரி ஒரு கடைசி வாய்ப்பு தருவதாக அறிவிப்பு வந்திருந்தது. “இதையும் தூங்கிக்கிட்டே படிச்சிராதீங்க” என்றாள்.

நார் இடம் மாறியிருந்தது

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கம்பம் போனேன். மதியம் மூன்று மணி, வியாபாரம் ஓய்ந்த நேரம். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மன்னிப்பு உரை ஒன்று கையிருப்பில் இருந்தது. அதற்கும் முன்னுரை, முடிவுரை எல்லாம் உண்டு. கடைக்குப் போனதும் அவ்வளவும் மறந்துவிட்டது.

“அந்தப் பதினாறு பக்கத்தையும் அன்னைக்கே படிச்சேம்மா. படிச்சிட்டுத்தான் பட்டியலை அனுப்பினேன்.”

அவள் இலை பிரிக்கிற கையை நிறுத்தவில்லை.

“தெரியும் சார்.”

“எப்படி?”

“மறுநா நூலகத்துல போயிப் பாத்தேன். நான் நாரு வச்சது எரநூத்தி ஒம்பதுல. அது கடேசிப் பக்கத்துல இருந்துச்சு. படிச்சு முடிச்சவுகதான அங்கன வைப்பாக?”

இருந்த இடத்தில் வைத்ததாக நினைத்திருந்தேன். அதிலும் தோல்வி. ஆகவே அப்பாவோடு வந்து நின்றபோதும் அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். சாரு பொய் சொல்லுவாகளான்னு அதுக்கும் ஒரு அறை விட்டாக.”

அவள் இலைக்கட்டைக் கட்டி ஓரமாக வைத்தாள்.

“இப்ப மன்னிப்புக் கேக்க வந்தீகளா, இல்ல வேற சோலியா?”

விண்ணப்பத்தைக் காட்டினேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“மொதல்ல பரிச்சை. மத்தது அப்புறம் பாப்போம்” என்றாள்.

மாரிச்சாமி எடுத்த வகுப்பு

கல்லூரி நூலகத்தில் அதே பிரதி இன்னும் இருந்தது. இரண்டாம் பதிப்பே காணாத நாவல். என் பெயரில் எடுத்துக்கொண்டு போனேன். கூடவே ஒரு கால அட்டவணை: முதல் வாரம் கதைச்சுருக்கம், இரண்டாம் வாரம் பாத்திரப் படைப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டு இலைக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

“சார், கோவிச்சுக்காதீக. கதச்சுருக்கத்துலருந்து ஆரம்பிச்சா அது மட்டுந்தேன் மிஞ்சும். நான் என் வழியில படிக்கிறேன்.”

அவள் வழி இது. முதல் தடவை, கதைக்காக மட்டும். பென்சில் கையில் இருக்கக் கூடாது. இரண்டாம் தடவை, ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு வரி: யார் எதற்கு ஆசைப்பட்டார், கிடைத்ததா. மூன்றாம் தடவை, விளங்காத இடங்களில் மட்டும் நார். நார் வைத்த இடங்களைப் பற்றித்தான் வாய்விட்டுப் பேச வேண்டும். விளங்கியதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

முப்பது வருடம் நாவல் நடத்திய எனக்கு இதைக் கேட்டபோது, முதல்முறையாகச் சமைக்கிறவனுக்கு அடுப்புப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்ததுபோல இருந்தது. “நீங்களும் படிச்சிட்டு வாங்க சார், சும்மா உக்காந்து பேச முடியாது” என்றாள். படித்தேன். பஸ்ஸில் படிக்கவில்லை.

ஒருநாள் நார் வைத்த இடம் அந்த ஆற்று இடம். முத்திருளாயி ஆற்றில் இறங்கும்போது சாக நினைத்தாளா, அக்கரை போக நினைத்தாளா? நான் என் பழைய ‘நீரும் விடுதலையும்’ கருத்தை மெதுவாக எடுத்து வைத்தேன். சாக நினைத்துத்தான் இறங்கியிருக்க வேண்டும், பிறகு மனம் மாறியிருக்கலாம் என்றேன். விடமுடியவில்லை, என்ன செய்ய?

அவள் கணவர் மாரிச்சாமி மூட்டைமேல் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நாவல் வாசிக்கிறவர் இல்லை.

“ஏ, அந்தப் பொம்பளைக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா? அத மொதச் சொல்லுங்க” என்றார்.

பாண்டீஸ்வரி சட்டென்று என்னைப் பார்த்தாள். பிறகு பக்கங்களைப் புரட்டினாள். நான்காம் அத்தியாயம். பத்து வயது முத்திருளாயி, வெள்ளத்தில் போன கன்றுக்குட்டியை நீந்திப் பிடித்துக் கரை சேர்க்கிறாள். ஊரே பார்க்கிறது.

“நீச்சல் தெரிஞ்சவ எவளாச்சும் ஆத்துல விழுந்து சாவாளா? கெணத்துல கல்லக் கட்டிக்கிட்டுல்ல விழுவா?” என்றார் மாரிச்சாமி. “இதுக்கா ஒரு மணி நேரமாப் பேசுறீக?”

அறுபது பேர் கைதட்டிய கட்டுரை அந்த இலைக் கடையில் அரை நிமிடத்தில் முடிந்தது. அந்த நான்காம் அத்தியாயம் எந்த ஊர்களுக்கு நடுவில் வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

“அன்றைக்கே உன் ஆளை என் வகுப்பில் உட்கார வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்” என்றேன்.

“அவுக கேக்குற கூலி ஒங்களுக்குக் கட்டுபடியாகாது சார்” என்றாள்.

என்னால் ஆன உதவி ஒன்றே ஒன்று. நாற்பதாவது தாளைத் திருத்தும்போது ஒரு ஆசிரியரின் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முதல் பத்தி, கடைசிப் பத்தி. ஆகவே கேள்விக்கான பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு அதற்குச் சாட்சியாகக் கதையில் மூன்று இடங்களைக் காட்ட வேண்டும். கதை முழுவதையும் திரும்பச் சொல்லக் கூடாது. திருத்துகிறவருக்குக் கதை தெரியும்.

“தெரியும்னா நெனைக்கிறீக?” என்று கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

கேள்வித்தாள்

தேர்வு அதே கல்லூரியில். வெளியே வேப்பமரத்தடியில் நானும் மாரிச்சாமியும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரம். எந்தக் காலத்திலும் என் தேர்வுக்கு நான் இப்படிப் பயந்ததில்லை. தன் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே தேய்ந்த செருப்போடு அவள் வெளியே வந்தாள்.

கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். இருபது மார்க் கேள்வி. அ அல்லது ஆ. ‘அ. முத்திருளாயியின் மரணம் தண்டனையா, விடுதலையா? ஆராய்க. ஆ. நாவலில் இடம்பெறும் மலையும் மக்களும் குறித்துக் கட்டுரை வரைக.’

என் கையேடுதான். கேள்வி அமைத்தவர் அதிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார். பதிப்பகம் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் பக்கங்களைப் படம் பிடித்துப் பிள்ளைகள் போனில் வைத்திருக்கிறார்களாம். பிழைகள் எல்லாம் தெளிவாகவே விழுந்திருக்கும்.

“ஆ எழுதினாயா?” என்றேன்.

“அ எழுதுனேன் சார்.”

“ஐயோ. ஆ இருக்கே அம்மா! எந்த வம்பும் இல்லாத கேள்வி!”

“இருந்துச்சு. பாத்தேன்.”

“பிறகு?”

“இருபத்தஞ்சு வருசமா அந்தப் பதிலு எங்கிட்டயே கெடக்குல்ல சார். எழுதாம வந்தா எப்பிடி? முத்திருளாயி சாகல, கேள்வி தப்புன்னு மொத வரியிலயே போட்டேன். நீங்க சொன்னபடி மூணு எடம் காட்டுனேன். பக்க நம்பரும் போட்டேன்.”

“பக்க எண்ணா? மனப்பாடமாகவா?”

“மறக்குற பக்கமா அது?”

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இப்போது தாள்களை வெளியூர் ஆசிரியர்கள் திருத்துகிறார்கள்; யாரென்று யாருக்கும் தெரியாது. என்னைப் போன்ற ஒருவரிடம் அது போயிருக்கும் என்றே நினைத்தேன். என்னைப் போன்றவர்கள்தானே அதிகம். அவளை இரண்டாவது முறையும் நானே ஃபெயில் ஆக்கிவிட்டேன், இந்த முறை வீட்டில் உட்கார்ந்துகொண்டே.

சிவப்பு மை

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. பாஸ். அறுபத்து மூன்று.

நான் போனில் கத்தினேன். அவள் கத்தவில்லை. “சரி சார்” என்றாள். பிறகு, “மகளோட படிவத்துல மாத்தலாமான்னு கேக்கணும்” என்றாள். அப்புறம், “மார்க்கு கெடக்கட்டும் சார். அந்தப் பதிலுக்கு என்ன போட்டாகன்னு பாக்க முடியுமா?”

விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பித்தோம். வந்ததும் எடுத்துக்கொண்டு கம்பம் போனேன். நூலகப் புத்தகமும் பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள்.

கடையில் இரண்டு பேர் இலைக்குக் காத்திருந்தார்கள். அவர்களை நிற்க வைத்துவிட்டுத் தாள்களைப் புரட்டினாள். இருபதுக்குப் பதினாறு. ஓரத்தில் நீளமாக எதுவும் எழுதவில்லை. இரண்டாவது சாட்சியில் ‘பக். 211’ என்று அவள் எழுதியிருந்த இடத்தில் 211-ஐ அடித்து, சிறிய எழுத்தில் 212 என்று போட்டிருந்தது.

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஓர் ஊரில், நாற்பது தாளோ எண்பது தாளோ குவிந்து கிடந்த மேசையில், யாரோ ஒருவர் எழுந்து போய் அந்தப் புத்தகத்தை எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறார்.

பாண்டீஸ்வரி புருவத்தைச் சுருக்கினாள்.

“எரநூத்திப் பன்னெண்டா? இருக்காதே. சேல பிழியுறது பதினொண்ணுலதான வரும்? சார், புத்தகத்த எடுங்க.”

எடுத்தேன். “நீங்களே பாருங்க, என் கையெல்லாம் ஈரம்” என்றாள். திறந்தேன். இருநூற்றுப் பதினொன்றில் முத்திருளாயி இன்னும் தண்ணீருக்குள் இருந்தாள். பக்கத்தைத் திருப்பினேன். இருநூற்றுப் பன்னிரண்டு, மேலிருந்து மூன்றாவது வரி. சேலையைப் பிழிகிறாள்.

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

“அட, ஆமா. நாந்தேன் தப்பு” என்று சிரித்துவிட்டு, காத்திருந்தவர்களுக்கு இலை எடுக்கப் போய்விட்டாள்.